ரயிலை வெளியே நின்று பார்க்கத் தென்னகத்தில் எங்கே போகலாம்?

தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும், ரயிலில் ஏறிப் போவதற்காக அன்றி, ரயில் போவதைப் பார்ப்பதற்காகவே சென்று நிற்கத் தகுந்த இடங்கள் எவை, எந்தப் பருவத்தில் போக வேண்டும் என்பது கேள்வி. பட்டியல் ஒன்றைத் தருவது எளிது. ஆனால் அழகான பின்னணி உள்ள எல்லா இடங்களையும் அடுக்கிவிட்டால், எதை முதலில் பார்ப்பது என்ற குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே நான் தேர்வு செய்யும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயும் வண்டி அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. நிலம் எங்கே ரயிலை மறித்ததோ, அந்தத் தடையைத் தாண்டப் பாதை போட்டவர்கள் எங்கே வளைத்தும், குடைந்தும், பாலம் எழுப்பியும், பல்சக்கரம் வைத்தும் வழி கண்டார்களோ, அங்கேதான் வண்டியின் வேகம் குறைகிறது, எஞ்சினின் உழைப்பு காதில் விழுகிறது, பாதை அப்படிப் போனதன் காரணமும் கண்ணெதிரே விரிகிறது. கீழே நான் சொல்லும் இடங்களில் ஏறக்குறைய எல்லாமே அப்படிப்பட்டவை.

பாம்பனிலிருந்து தொடங்கலாம். மண்டபத்துக்கும் இராமேசுவரம் தீவுக்கும் இடையிலான ஆழமற்ற கடலின் மேல் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்டது. அதற்கு முன்பு வரை சென்னையிலிருந்து இலங்கை செல்பவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏற வேண்டியிருந்தது. பாம்பன் பாலம் வந்த பிறகு, கப்பலோடு இணைப்புக் கொடுத்த 'போட் மெயில்' ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குச் சிறிது நேரக் கப்பல் பயணம்தான். இன்று பலரும் இராமேசுவரம்தான் அந்தப் பாதையின் முடிவு என்று நினைக்கிறார்கள். உண்மையில் முதன்மைப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றது, இராமேசுவரம் ஒரு கிளைதான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தூலங்கள் தூண்களிலிருந்து பெயர்ந்து நீருக்குள் விழுந்தன. கப்பல்களுக்கு வழிவிடும் நடுத் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் பொறுப்பில், கடலுக்குள் கிடந்த தூலங்களையே தேடித் தூக்கி மறுபடியும் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தை மீட்டார்கள். தனுஷ்கோடிப் பாதை மட்டும் திரும்பி வரவே இல்லை. மணலில் நிற்கும் நிலையக் கட்டடத்தின் எச்சங்களை அங்கே இன்றும் பார்க்கலாம். பாம்பனுக்குப் போகிறவர்கள் அரை நாள் கூடுதலாக ஒதுக்கி அங்கேயும் போய் வரவேண்டும் என்பேன், ஏனெனில் அதைப் பார்க்காமல் பாம்பன் பாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது பாதிதான் விளங்கும்.

பழைய பாலத்தின் தூக்குப் பகுதி, ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்தது. இரண்டு இலைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் கரைப்பக்கமாக உருண்டு மேலே எழும். ஊழியர்கள் சேர்ந்து நெம்புகோலைச் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறும் ஏற்பாடும் இருந்தது. உப்புக்காற்று இரும்பை அரித்த வேகம் கடைசியில் அந்தப் பாலத்தை வென்றுவிட்டது. 2022 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே தூக்குப் பகுதி, மின் மோட்டாரின் உதவியோடு, இரு கோபுரங்களுக்கு நடுவே கிடைமட்டமாகவே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. அழகில் பழையதற்கு இது ஈடில்லை என்று சொல்பவர்களோடு நான் பாதிதான் உடன்படுவேன். இலைகள் இரண்டும் வானை நோக்கி விரியும் காட்சி போய்விட்டது என்னவோ உண்மை. ஆனால் ஒரு பாலத்தின் நடுப்பகுதி முழுவதும் தண்டவாளத்தோடு சாயாமல் மேலே போவதை நேரில் பார்க்கும்போது வரும் வியப்பு வேறு வகையானது.

நிற்க வேண்டிய இடத்தைப் பற்றி ஐயமே வேண்டாம். பக்கத்திலேயே உயரமாகச் செல்லும் சாலைப் பாலத்திலிருந்து, ரயில் பாலம் முழுவதும் காலடியில் கிடப்பதுபோல் தெரியும். வண்டியை அதன் நடுவில் நிறுத்திப் போக்குவரத்தைக் கெடுக்காமல், பாம்பன் பக்கம் இறங்கி நடந்து வருவது முறை. உயரத்திலிருந்து பார்ப்பது பிடிக்காதவர்கள் பாம்பன் ஊர்க் கரையிலிருந்து, மீன்பிடிப் படகுகளை முன்னால் வைத்து வண்டியைப் படம் எடுக்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். கப்பலுக்காகத் தூக்குப் பாலம் திறக்கப்படும் நாள் அடிக்கடி வருவதில்லை. கப்பல்களும் பெரிய விசைப்படகுகளும் சேரும்வரை காத்திருந்து ஒன்றாகக் கடப்பதே அங்கே வழக்கம். ஆகவே பாம்பனில் விசாரித்து வைத்துக்கொண்டு போவது நல்லது.

கடல் தடையாக நின்றதற்குப் பாம்பன் என்றால், செங்குத்து தடையாக நின்றதற்கு நீலகிரி மலை ரயில். அதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்ற வருத்தத்தையே பேசுகிறார்கள். பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத பலவும் வெளியே நிற்பவருக்குத் தெரியும் என்பதால், சீட்டு கிடைக்காதது பெரிய இழப்பில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம். உதகை 2,203 மீட்டர். இடையில் 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகள், 16 குகைகள், சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள். குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் வண்டி ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றானது.

கல்லாறு நிலையம்வரை அது சாதாரண மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் உள்ள) பாதைதான். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல்சட்டங்கள் அருகருகே தொடங்குகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவை பதிக்கப்பட்டிருப்பதால், எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடாது. 12 அடி தூரம் முன்னே போனால் ஏறக்குறைய ஓர் அடி மேலே ஏற வேண்டிய சரிவில் வேறு வழி இல்லை. எஞ்சின் முன்னால் இழுக்காது. சரிவின் கீழ்ப்பக்கத்தில் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளும். அதனால் பெட்டி எதுவும் கழன்று உருளும் ஆபத்து இல்லை. முன்பக்கம் எஞ்சின் இல்லாததால், ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்ஸ்மேன் நின்று பாதையைக் கவனித்துக் கொடி காட்டுவார். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் வடிவமைக்கப்பட்ட 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சினில் நான்கு உருளைகள் உண்டு: இரண்டு சாதாரணச் சக்கரங்களையும் மற்ற இரண்டு பல்சக்கரத்தையும் இயக்கும். கல்லாறு நிலையத்தை விட்டு வண்டி மெல்ல நகர்ந்து, பல்சட்டத்தைப் பற்றும் கணத்தில் எஞ்சினின் மூச்சொலி மாறும். அந்த ஒலி மாற்றத்தைக் கேட்பதற்காகவே கல்லாற்றை நான் முதலிடத்தில் வைப்பேன். இந்த எஞ்சின்களில் சில திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டப்பட்டவை என்பதையும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். இருபத்தோராம் நூற்றாண்டில் நீராவி எஞ்சினைப் புதிதாகக் கட்டும் பணிமனைகள் உலகில் மிகச் சிலவே.

மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி காலை ஏழு மணியளவில் புறப்படும். கல்லாற்றில் அதைப் பார்த்துவிட்டுச் சாலை வழியே மேலே சென்றால், வண்டி வந்து சேர்வதற்கு வெகு முன்னரே குன்னூரை அடைந்துவிடலாம், ஏனெனில் பல்சட்டப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான். இடையிலுள்ள அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு ஆகிய இடங்களில் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்க ஆசை வரும். ஆனால் அவை யானைகள் நடமாடும் காட்டுக்குள் இருக்கின்றன. தண்டவாளத்தின் வழியே நடந்து அங்கே போவது சட்டத்துக்கும் உயிருக்கும் ஒவ்வாது. குன்னூரில் நீராவி எஞ்சின் கழற்றப்பட்டு டீசல் எஞ்சின் இணைக்கப்படும். அங்கிருந்து உதகைவரை பல்சட்டம் இல்லை. அந்தப் பகுதியில் கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் இடம்தான் சிறந்தது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மண்சரிவால் குன்னூருக்குக் கீழே சேவை நிற்பது ஆண்டுதோறும் நடப்பது. பிப்ரவரி, மார்ச் மாதங்களே பாதுகாப்பானவை.

இனி மேற்குத் தொடர்ச்சி மலை. தமிழ்நாட்டிலிருந்து கேரளம் செல்லும் ரயில் அந்த மலையைத் தாண்டும் இடங்கள் மூன்றே மூன்று. முதலாவது பாலக்காட்டுக் கணவாய்: மலைத்தொடரில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்ற இடைவெளி அது என்பதால், சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரையிலான பாதை 1862-லேயே முடிந்துவிட்டது. இரண்டாவது செங்கோட்டைக் கணவாய்: மலையைக் குடைந்தும் பள்ளங்களை வளைவுப் பாலங்களால் தாண்டியும் 1904-இல்தான் வண்டி போனது. மூன்றாவது ஆரல்வாய்மொழி: அங்கே இடைவெளி இயற்கையாகவே உண்டு, ஆனாலும் திருநெல்வேலி - நாகர்கோவில் பாதை 1981 வரை வரவில்லை. தடை எங்கே குறைவோ அங்கே முதலில் ரயில் வரும் என்ற எளிய விதிக்கு ஆரல்வாய்மொழி அடங்கவில்லை. மலை விட்ட வழியை நிர்வாகங்கள் நெடுங்காலம் பயன்படுத்தவில்லை என்றே அதைப் படிக்க வேண்டும்.

மூன்றில் செங்கோட்டையைத்தான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூர் பகுதியைச் சேர்ந்தது. கொல்லம் துறைமுகத்தைத் தமிழகச் சமவெளியோடு இணைப்பதில் அந்த அரசுக்கு இருந்த அக்கறைதான் இந்தப் பாதைக்கு வித்து. செங்கோட்டையை அடுத்த பகவதிபுரம் தமிழ்நாட்டின் கடைசி நிலையம். அதற்குப் பின் மலையின் வயிற்றுக்குள் நுழையும் நீண்ட குகையின் மறுபக்கம் கேரளத்தின் ஆரியங்காவு. அங்கிருந்து இடப்பாளையம், தென்மலை, இடமண் என்று பாதை சரிந்து இறங்குகிறது. கழுதுருட்டி அருகே, கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே, பதின்மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம் நிற்கிறது. பேருந்தில் போகிறவர்கூடச் சன்னலோரமாகத் தலையைத் திருப்பினால் போதும்.

இந்தப் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக 2010-இல் மூடப்பட்டு, 2018-இல்தான் முழுவதுமாகத் திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் என்பது அதிகம்போலத் தோன்றும். ஆனால் மீட்டர் கேஜின் இலகுவான வண்டிகளுக்காகக் கட்டிய பாலத் தூண்களின் மேல் அகலப்பாதை எஞ்சின் ஏற வேண்டுமென்றால் தூண்களைச் சுற்றிக் கான்கிரீட் கவசம் போட வேண்டும், குகைகளை அகலமாக்க வேண்டும். அதுவும் மழைக்காலத்தில் வேலை நடக்காத ஒரு மலையில். பழைய தோற்றத்தைக் கெடுக்காமல் பதின்மூன்று கண் பாலத்தைத் தக்கவைத்தது பாராட்ட வேண்டிய செயல். ஏற்றத்தில் வண்டியின் பின்னால் இன்னொரு எஞ்சின் சேர்த்து உந்தப்படும்; ரயில்வேக்காரர்கள் அதை 'பேங்கர்' என்பார்கள். முன்னும் பின்னும் எஞ்சினோடு பாலத்தின் மேல் வண்டி மெல்ல ஊர்ந்து வரும்போது, எந்த முனை முன்னால் போகிறது என்ற மயக்கம் ஒரு கணம் ஏற்படும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட்வரை, குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இங்கே வந்தால் மலை முழுவதும் பசுமையாக இருக்கும். மேகம் பாலத்தின் மேலே இறங்கிவிட்டால் படம் கிடைக்காது. எஞ்சினின் ஓசை மட்டும் வரும். அதையும் ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தால்தான் சாரல் காலத்தில் போக வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயில் எனக்குத் தயக்கம் உண்டு. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே இரு தடங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் காட்டுக்குள் தனித்தனியே ஓடுவதும், பின்னணியில் மலைச்சுவர் நிமிர்வதும் காணத் தகுந்தவைதான். ஆனால் யானைகள் வண்டியில் அடிபட்டு இறந்த இடமும் அதுவே. மதுக்கரைப் பகுதியில் 2024 முதல் கேமராக்களையும் செயற்கை நுண்ணறிவையும் கொண்டு யானைகளின் நடமாட்டத்தைக் கண்காணித்து ரயில்வேக்குத் தகவல் கொடுக்கிறது தமிழக வனத்துறை. மனிதர்களும் அங்கே தண்டவாளத்தோரம் சுற்றித் திரிந்தால் அந்த வேலை கெடும். நிலைய நடைமேடையோடு நின்றுகொள்வதே சரி. ஆரல்வாய்மொழியில் இந்தச் சிக்கல் இல்லை: காற்றாலைகளின் நடுவே, மொட்டைப் பாறை மலைகளை ஒட்டி வண்டி வளைந்து போகும் காட்சி சாலையிலிருந்தே கிடைக்கும். காற்று மட்டும் தொப்பியைப் பறித்துவிடும்.

சேலத்திலிருந்து தருமபுரி போகும் பாதையில் தொப்பூர்க் கணவாயும், திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானல் ரோட்டுக்கும் இடையே அம்பாத்துறைப் பகுதியும் உள்ளூர் ரயில் ரசிகர்களிடையே பெயர் பெற்றவை. தொப்பூரில் பாதை லாடம்போல் வளைவதால், நீண்ட வண்டியின் தலையையும் வாலையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அம்பாத்துறையில் இரட்டைப் பாதை என்பதால் வண்டிகளின் எண்ணிக்கை அதிகம். 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரசைச் சிறுமலையின் பின்னணியில் பார்க்கக் காலை வெயில் நல்லது.

நகரத்தை விட்டு வெளியே போக முடியாதவர்களுக்குச் சென்னையிலேயே இரண்டு இடங்கள் சொல்வேன். ஒன்று இராயபுரம்: 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட நிலையம், நாட்டில் எஞ்சியிருக்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. மற்றொன்று பேசின் பிரிட்ஜ்: சென்ட்ரலை விட்டு வெளியேறும் வண்டிகள் எல்லாம் இதைக் கடந்தாக வேண்டும், நடைமேடைச் சீட்டு ஒன்றுக்கு ஒரு மணி நேரத்தில் இவ்வளவு வகை எஞ்சின்களை வேறெங்கும் பார்க்க முடியாது. எழில் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளை முதன்முதலாக அழைத்துப் போக அதுவே ஏற்றது.

கடலுக்கு அப்பால் இலங்கையின் மலையகப் பாதையை விட்டுவிட மனம் வரவில்லை. அதன் இரு பக்கங்களிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து 1914-க்குப் பிறகு போன தொழிலாளர்களில் பலர் தனுஷ்கோடி - தலைமன்னார் வழியாகச் சென்றார்கள் என்பதால், பாம்பனின் கதை அங்கேதான் தொடர்கிறது. போரின்போது 1990-இல் அழிந்த தலைமன்னார்ப் பாதையும் 2015-இல் மறுபடி திறக்கப்பட்டுவிட்டது. எல்ல நிலையத்துக்கும் தெமோதரவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் முடிந்தது. 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், கல்லும் செங்கல்லும் சிமெண்டும்தான், எஃகு இல்லை. முதல் உலகப் போருக்காக எஃகு திருப்பப்பட்டதால் அப்படிக் கட்டினார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. படங்களில் பார்த்துச் சலித்துப்போனவர்கள் சற்றுத் தள்ளித் தெமோதரவுக்குப் போங்கள். உயரத்தைக் குறைக்க ஒரு முழு வட்டம் அடித்து வரும் பாதை, தான் புறப்பட்ட அதே நிலையத்தின் அடியிலுள்ள குகைக்குள் நுழைகிறது. நடைமேடையிலிருந்து கிளம்பிய வண்டி சில நிமிடங்களில் காலுக்குக் கீழே வெளிப்படுவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். ஒன்பது வளைவுப் பாலத்தைவிட நான் இதையே மேலாக மதிக்கிறேன்.

நடைமுறை ஒன்றிரண்டு. இந்தியாவில் தண்டவாளத்தில் அனுமதியின்றி நடப்பது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மின்பாதைகளில் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருப்பதால், நீண்ட செல்ஃபி குச்சிகளையும் குடைகளையும் பாலங்களின் மேலிருந்து நீட்டக் கூடாது. மின்சார வண்டிகள் ஓசையின்றி வந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். வண்டியின் நேரத்தை ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் பார்த்துக்கொண்டு, அரை மணி நேரம் முன்னதாகவே இடத்தைப் பிடித்து, ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்பவருக்கு நான் செங்கோட்டையையே சொல்வேன். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரசில் இரவு ஏறினால் காலையில் செங்கோட்டை. அங்கிருந்து தென்மலை செல்லும் பேருந்தில் கழுதுருட்டியில் இறங்கினால், சாலையின் ஓரத்திலேயே பதின்மூன்று கண் பாலம். பிற்பகல்வரை இரு திசையிலும் வரும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே செங்கோட்டையிலிருந்து பொதிகையில் திரும்பிவிடலாம்.